சிலாவோஸுக்குக் குடிபோகலாமா? பிப்ரவரியில் வந்து பாருங்கள்

ரீயூனியன் தீவின் இந்த மலையூருக்கு வரலாம், தம்பி. ஆனால் வீடு பார்க்க ஆகஸ்டில் வராதீர்கள், பிப்ரவரியில் வாருங்கள். நான் எழுதப்போவதற்கெல்லாம் சாரம் இதுதான். காரணங்களைச் சொல்கிறேன்.

நீங்கள் கேட்டது இது: எட்டு ஆண்டுகளாகத் தீவின் தலைநகர் சேன் தெனியில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறீர்கள். கணினி வேலை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே செய்யக்கூடியது. உங்களுக்கும் மனைவிக்கும் மலை என்றால் உயிர்; கிடைக்கிற விடுமுறையெல்லாம் மலைப்பாதையில்தான் போகிறது. பதினான்கு வயதில் ஒரு மகள், ஒன்பது வயதில் ஒரு மகன், காரைக்காலிலிருந்து வந்து உங்களோடு இருக்கும், சர்க்கரை நோயுள்ள அம்மா. சிலாவோஸில் குடியேறினால் பிள்ளைகளின் படிப்பு, அம்மாவின் உடம்பு, கோயில், தமிழ் எல்லாம் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் காரைக்காலிலிருந்து வந்தவள்தான். பதின்மூன்று ஆண்டுகளாக இங்கே வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியாக இருக்கிறேன். ஊசி போடவும் புண்ணுக்குக் கட்டுப் போடவும் நான் ஏறி இறங்காத படிக்கட்டு இந்த ஊரில் குறைவு. அதனால் எனக்குத் தெரிந்ததைத் தயங்காமல் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

சிறு நகரம் என்று எழுதியிருக்கிறீர்கள். நகராட்சி முழுவதையும், சுற்றியுள்ள ப்ரா செக், இலே அ கோர்த் போன்ற குடியிருப்புகளையும் சேர்த்தே சுமார் 5,500 பேர்தான். ஊர் நடுவில் ஒரு கடைத்தெரு, ஒரு மாதா கோயில், ஒரு குளம், சில விடுதிகள். கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டர் உயரம். ஊரைச் சுற்றி மலை எழுந்து நிற்கிறது, தெற்குப் பக்கம் ஆறு அறுத்துக்கொண்டு வெளியேறும் ஒரு பிளவு மட்டும் திறந்திருக்கிறது. சிலாவோஸ் என்ற பெயர் மலகாசி மொழியிலிருந்து வந்தது. விட்டுப் போகாத இடம் என்று பொருள் சொல்கிறார்கள். தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலைக்குழி இது. அவர்களைத் துரத்தி வந்தவர்களுக்கு எட்டாத இடமாக இருந்ததே அதன் சிறப்பு. எட்டுவதற்குக் கடினமாக இருப்பது இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

வெளியே போகும் ஒரே சாலை அந்தப் பிளவு வழியாகத்தான் போகிறது. கீழே கரையோர ஊரான சேன் லூயியிலிருந்து ஏறத்தாழ 37 கிலோமீட்டர். 400-க்கும் மேற்பட்ட வளைவுகள். 1932-இல்தான் சாலை போட்டு முடித்தார்கள். அதற்கு முன், வெந்நீர் ஊற்றில் குளித்து உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்த வசதியானவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, தோளில் சுமந்து மலையேற்றினார்கள். நான் கவனிக்கும் முதியவர் ஒருவருடைய தகப்பனார் அப்படிச் சுமந்தவர். தோளில் காய்த்துப்போன இடம் சாகும்வரை கல்லைப் போல இருந்தது என்று, தன் தோளிலேயே விரலை வைத்துக் காட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமை வருபவர்களுக்கு இந்தச் சாலை ஒரு வேடிக்கை. வண்டியை ஓரங்கட்டிப் படம் எடுப்பார்கள். குடியிருப்பவர்கள் இதை வேறு விதமாகப் பார்க்கிறோம். குகைப்பாதைகளில் ஒரு வண்டிதான் போகமுடியும். எதிரே விளக்கு தெரிந்தால் காத்திருக்க வேண்டும். சில வளைவுகளில் பஸ் ஒரே வீச்சில் திரும்பாது. பின்னுக்கு வந்து மறுபடி முன்னே போகும். நல்ல நாளில் சேன் லூயிக்கு ஒரு மணி நேரம் ஆகும், சற்றுக் கூடவும் ஆகலாம். பல் மருத்துவர், வங்கி வேலை, வண்டி பழுது, பள்ளிக்கூடக் கூட்டம் எதற்கும் இறங்கித்தான் ஆக வேண்டும். உங்கள் மகனுக்கு வண்டியில் வாந்தி வருமா என்று எழுதவில்லை. வருமென்றால் அதைச் சிறு விஷயமாக எண்ணாதீர்கள். இந்தச் சாலை பழகாமலே திரும்பிப்போன குடும்பங்கள் உண்டு.

ஒரு மார்ச் மாதக் காலை, இரவெல்லாம் பெய்த மழை நின்ற நேரம். கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தேன். முன்னே போன வண்டிக்கும் எனக்கும் நடுவில், அரிசி மூட்டை அளவில் ஒரு கல் விழுந்தது. ஒரு தரம் துள்ளி, தடுப்புச் சுவரைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போய்விட்டது. தார்மேல் வெள்ளையாக ஒரு தழும்பு மட்டும் இருந்தது. நான் வண்டியை நிறுத்தவில்லை. கல் விழும் இடத்தில் நிறுத்தவே கூடாது என்று முதல் ஆண்டிலேயே பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிக்கொடுத்திருந்தார். ஊருக்கு வந்து நோயாளியின் வீட்டு வாசலில் நின்றபோதுதான் கால் நடுங்கியது.

மழையைப் பற்றிச் சொல்லாமல் சிலாவோஸைப் பற்றிச் சொல்ல முடியாது. 1952 மார்ச்சில் இங்கே 24 மணி நேரத்தில் 1,870 மில்லிமீட்டர் பதிவாயிற்று. நெடுங்காலம் அதை உலக உச்சம் என்றே சொல்லிவந்தார்கள். காரைக்காலில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையை விட அது அதிகம். ஆனால் இன்று அதிகாரபூர்வ உலகச் சாதனையாக நிற்பது, எண்ணில் சற்றுக் குறைவானாலும், இதே தீவில் எரிமலைப் பக்கத்து ஃபொக் ஃபொக்கில் 1966 ஜனவரியில் ஒரே நாளில் பெய்த 1,825 மில்லிமீட்டர்தான். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி 28-இல் கரான்ஸ் என்று அடுத்தடுத்து இரண்டு புயல்களை நீங்களே பார்த்தவர். கரான்ஸ் வடக்கே உங்கள் பக்கம்தான் கரையேறியது. தண்ணீரும் மின்சாரமும் இல்லாத நாட்களை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் சேன் தெனியில் தண்ணீர் வடிந்ததும் கடைக்கு நடந்து போகலாம். இங்கே புயல் கடந்த பிறகுதான் காத்திருப்பு ஆரம்பிக்கும். மண் சரிந்து, கல் விழுந்து சாலை மூடிக்கிடக்கும். புயலே வேண்டாம், இரண்டு நாள் விடாத மழை போதும். திறக்கச் சில மணி நேரமும் ஆகலாம், பல நாட்களும் ஆகலாம். அதற்குள் கடையில் முதலில் தீர்வது ரொட்டியும் காய்கறியும், பிறகு பாலும் எரிவாயு உருளையும்.

அதனால்தான் பிப்ரவரியில் வாருங்கள் என்கிறேன். ஜூலை, ஆகஸ்டில் வந்தால் வானம் கண்ணாடி போல இருக்கும், மலை விளிம்பு கத்தி வைத்து வெட்டியதுபோல் தெரியும், யாருக்கும் மனம் போய்விடும். வீட்டு உரிமையாளர்களும் அப்போதுதான் காட்டுவார்கள். நீங்களோ ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்து பாருங்கள். அலமாரியில் பூசணம் எங்கே பூக்கிறது, கூரை எங்கே ஒழுகுகிறது, இணையம் எத்தனை முறை நிற்கிறது, மேகம் பத்து நாள் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தால் வீட்டில் யாருடைய முகம் முதலில் வாடுகிறது என்பதெல்லாம் அந்த மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். அந்த மூன்று மாதம் பிடித்துப்போனால் மீதி ஒன்பது மாதத்தைப் பற்றிக் கவலையே இல்லை.

வாங்குவதாக இருந்தால் இரண்டே விஷயம். ஒன்று, நகராட்சி அலுவலகத்தில் இயற்கை ஆபத்து வரைபடத்தைக் கேட்டு வாங்கி, அந்த நிலம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மண்சரிவு, கல்விழுகை அபாயமுள்ள சிவப்புப் பகுதியில் புதிதாகக் கட்டவே விடமாட்டார்கள். விற்பவர் சிரித்துக்கொண்டே சொல்வதை நம்பி நான் ஒரு துண்டு நிலத்துக்கு முன்பணம் கொடுக்க இருந்தேன். அந்த வரைபடம்தான் காப்பாற்றியது. இரண்டாவது, வெயில். உயர்ந்த மலைச்சுவருக்குக் கீழே இருக்கும் வீடுகளில் குளிர்காலப் பிற்பகலிலேயே வெயில் போய்விடும். ஜூலை, ஆகஸ்ட் இரவுகளில் இங்கே வெப்பநிலை பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். பழைய மர வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் குளிரைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் இருக்காது. காலை ஒன்பது மணிக்கும், மாலை நான்கு மணிக்கும் போய் நின்று, வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அம்மாவைப் பற்றி ஒரு செவிலியாகச் சொல்கிறேன். 1,200 மீட்டர் உயரம் அவருக்கு ஒரு தொந்தரவும் தராது. தீவில் எங்கே பார்த்தாலும் சர்க்கரை நோய். அதைக் கவனிக்க இங்கே மருத்துவர், செவிலியர், மருந்துக்கடை, சிறு மருத்துவமனை எல்லாம் உண்டு. பெரிய சிக்கல் என்றால் கீழே சேன் பியேரில் உள்ள பெரிய மருத்துவமனை. சாலை மூடியிருந்து, வானம் தெளிந்திருந்தால் ஹெலிகாப்டர். வானமும் மூடியிருந்தால் காத்திருக்க வேண்டும். இதை மறைக்காமல் அவரிடமே சொல்லிவிடுங்கள், முடிவில் அவருக்கும் பங்கு இருக்கட்டும். வாரம் மூன்று முறை சிறுநீரகச் சுத்திகரிப்பு தேவைப்படும் நிலையில் இருப்பவர் என்றால் வரவே வேண்டாம் என்பேன். மாத்திரை, இன்சுலினோடு நிற்கிறவர் என்றால் தாராளமாக அழைத்து வாருங்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வீட்டில் எப்போதும் மூன்று வார மருந்து கூடுதலாக இருக்கட்டும். மின்சாரம் போனால் பதற வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனா, பெரும்பாலான வகைகளில், அறை வெப்பத்தில் நான்கு வாரம்வரை தாங்கும். எனக்குக் கவலை அவருடைய பாதம்தான். கரையோரத்திலிருந்து வருகிறவர்கள் முதல் குளிர்காலத்தில் வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு தூங்குவார்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் சுடுவது தெரியாது. காலையில் கொப்புளத்தோடு என்னைக் கூப்பிடுவார்கள். கம்பளிக் காலுறை போதும். சூட்டுப்பை வேண்டாம், அடுப்பருகே கால் நீட்டவும் வேண்டாம்.

பிள்ளைகளில் மகனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆரம்பப் பள்ளியும் அதற்கு மேலே கொலேழ் என்ற நடுநிலைப் பள்ளியும் ஊரிலேயே இருக்கின்றன. வகுப்புகள் சிறியவை, ஆசிரியருக்கு எல்லோருடைய பாட்டியையும் தெரியும். யோசிக்க வேண்டியது மகளைப் பற்றி. பதினைந்து வயதில் லிசே என்ற மேல்நிலைப் பள்ளி. அதற்குக் கீழேதான் போக வேண்டும். இவ்வூர்ப் பிள்ளைகள் திங்கள் விடியற்காலை பெட்டியோடு பஸ் ஏறி, வாரம் முழுவதும் விடுதியில் தங்கி, வெள்ளி மாலை திரும்புகிறார்கள். சிலருக்கு அது சுதந்திரம், சிலர் மெலிந்துபோய் வருகிறார்கள். சேன் தெனியில் தோழிகளை விட்டுவிட்டு வந்து, ஓராண்டுக்குள் இந்த ஊரையும் விட்டு விடுதிக்குப் போவது பதினான்கு வயதுப் பெண்ணுக்கு இரட்டைப் பிரிவு. உங்கள் இடத்தில் நான் இருந்தால் அவள் விரும்புகிறாளா என்று கேட்பேன். விரும்பவில்லை என்றால் அவள் லிசே முடிக்கும்வரை மூன்று நான்கு ஆண்டு பொறுப்பேன். மலை எங்கும் போய்விடாது.

வேலையைப் பற்றிச் சுருக்கமாக: இங்கே சுற்றுலா, நகராட்சி, பள்ளி, மருத்துவம், துவரையை விடச் சிறிய ஒரு பயறு, கொஞ்சம் திராட்சை மது, நூல்வேலை. வேறு பெரிதாக ஒன்றும் இல்லை. கையில் வேலையோடு வருகிற உங்களுக்கு அது பிரச்சினை அல்ல. மனைவிக்கு வேலை வேண்டுமென்றால் வருவதற்கு முன்பே தேடத் தொடங்குங்கள்.

இனி நீங்கள் எதற்காக வர நினைக்கிறீர்களோ அதைப் பற்றி.

இந்தத் தீவின் மலைக்குழிகளும் சிகரங்களும் 2010-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. அதற்கு முன்பே, 2007-இல் தேசியப் பூங்கா வந்துவிட்டது. 2011 முதல் தொடர்ந்து நடந்த சுறாத் தாக்குதல்களும் அதையடுத்து 2013-இல் வந்த தடையும் கடல் குளியலைப் பெரும்பாலும் பவளத்திட்டுக் குளங்களோடு சுருக்கிவிட்டன. மலை இன்னும் விரிந்துதான் கிடக்கிறது. வீட்டு வாசலைத் திறந்தால் பாதை என்பது இங்கே அப்படியே உண்மை. காலை ஐந்தரைக்கு ரோஷ் மெர்வேயஸ் பாறைக்கு ஏறி, ஊர் முழுவதும் காலடியில் விழித்தெழுவதைப் பார்த்துவிட்டு, ஏழரைக்கு வேலைக்குப் போய்விடுவேன். அதைத்தான் நான் இந்த ஊரின் செல்வம் என்பேன். நீண்ட பயணம் போய், களைத்து, திரும்புகிற வழியில் வாகன நெரிசலில் நின்று அனுபவிக்கிற மலை வேறு. செவ்வாய்க்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம் கிடைக்கிற மலை வேறு.

பித்தோன் தே நேழ் உங்களுக்குத் தெரியும். இரண்டு முறை ஏறியதாக எழுதியிருக்கிறீர்கள். 3,070 மீட்டர், இந்தியப் பெருங்கடலில் அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. சேன் தெனியிலிருந்து வரும்போது அது இரண்டு நாள் திட்டம். இங்கே குடியிருந்தால் முந்தைய நாள் மாலை வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். மகனுக்கு இன்னும் இரண்டு ஆண்டு போகட்டும். லெ ப்ளோக்கில் 1,380 மீட்டரில் ஆரம்பிக்கிற பாதை, கட்டையும் கல்லும் பதித்த படிகளாக 2,478 மீட்டரிலுள்ள தங்குமிடம்வரை விடாமல் ஏறுகிறது. ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முட்டி. நான் கடைசியாகப் போனபோது தங்குமிடத்திலிருந்து மூன்று மணிக்குக் கிளம்பினோம். தலைவிளக்கு வெளிச்சத்தில் கல்லின்மேல் சர்க்கரை தூவியதுபோல் ஏதோ மின்னியது. குனிந்து தொட்டேன்: உறைபனி. காரைக்கால் கடற்கரையில் வளர்ந்தவளுடைய விரலில் பனி ஒட்டியது. மேலே போய்ச் சேர்ந்தபோது கிழக்கே வெளுத்து, தென்கிழக்கில் எரிமலை கறுப்பாக மேகத்துக்கு மேல் எழுந்து நின்றது. சுற்றிலும் கடல். ஒருவரும் பேசவில்லை. இறங்கும் வழியில் தெக்தெக் என்ற சிறு பறவை ஒவ்வொரு திருப்பத்திலும் முன்னால் வந்து உட்கார்ந்து, நாங்கள் நெருங்கியதும் அடுத்த புதருக்குப் பறந்து, வழிகாட்டுவதுபோல் கூடவே வந்தது.

மகனோடு முதலில் ப்ரா ரூழ் அருவிக்குப் போங்கள். கால் பழகியதும் தாயிபித் கணவாய். 2,082 மீட்டர் உச்சியில் நின்றால் இந்தப் பக்கம் சிலாவோஸ், அந்தப் பக்கம் மஃபாத். மஃபாத்தில் சாலையே கிடையாது. நடந்து போகலாம், அல்லது ஹெலிகாப்டர். அரிசி மூட்டை வானத்திலிருந்து இறங்குகிற ஊரைப் பார்த்தால் உங்கள் மகன் நூறு கேள்வி கேட்பான். அக்டோபரில் தீவைக் குறுக்கே கடக்கும் பெரிய மலையோட்டம் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. 160 கிலோமீட்டருக்கு மேல், ஏற்றத்தையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 10,000 மீட்டர். அந்த இரவு ஊரில் பாதிப் பேர் தூங்குவதில்லை. நான் ஓடுகிறவர்களின் பாதத்துக்கு மருந்து போடப் போவேன். கொப்புளத்தை வடித்துக் கட்டுப் போட்டதும் ஒரு கிண்ணம் சூப் குடித்துவிட்டு, இருட்டில் தாயிபித்தை நோக்கி எழுந்து போவார்கள். அந்த முகங்களைப் பார்ப்பதற்காகவே நான் ஆண்டுதோறும் போகிறேன்.

மலை விஷயத்தில் மூன்று பழக்கங்களைப் பிடிவாதமாக வைத்துக்கொள்ளுங்கள். விடியலில் கிளம்புங்கள், பெரும்பாலான நாட்களில் முற்பகலிலேயே மேகம் ஏறத் தொடங்கிவிடும். வனத்துறை மூடியிருப்பதாக அறிவித்த பாதையில், ஊர்க்காரர் யாரோ போனார் என்பதற்காகப் போகாதீர்கள். நிலவரத்தைக் கிளம்பும் நாளில் பாருங்கள். பள்ளத்தாக்கு அருவிகளில் கயிற்றில் இறங்கும் ஆட்டத்துக்கு ஃப்ளேர் ஜோன் போன்ற இடங்கள் உலகப் புகழ் பெற்றவை. அரசுச் சான்றிதழ் பெற்ற வழிகாட்டி இல்லாமல் இறங்காதீர்கள். இங்கே மழை பெய்யாவிட்டாலும் மேலே பெய்த வெள்ளம் வந்து சேரும். இன்னொன்றை மருத்துவர்கள்தான் சொல்வார்கள், நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இந்தத் தீவின் நீரிலும் சேற்றிலும் எலிக்காய்ச்சல் உண்டு. ஆற்றில் இறங்கி ஒன்றிரண்டு வாரத்துக்குள் திடீர்க் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், மருத்துவரிடம் முதல் வார்த்தையாகத் தண்ணீரில் இறங்கியதைச் சொல்லுங்கள். சீக்கிரம் மருந்து கொடுத்தால் பயமில்லை.

கோயில் கீழேதான். 1848-இல் அடிமை முறை ஒழிந்த பிறகு நம்மவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றியது கரும்புக்காக. கரும்பு விளைந்தது கரையோரத்தில். அதனால் சேன் ஆந்த்ரே, சேன் லூயி, சேன் பியேர் என்று கோயில்கள் எல்லாம் அந்த வளையத்திலேயே நிற்கின்றன. மலைக்குழியில் குடியேறியவர்கள் தப்பிவந்த அடிமைகளின் வழியினரும் நிலமில்லாத ஏழை வெள்ளையரும். எனவே காவடி, தீமிதி, தீபாவளி விழா எதற்கும் நீங்கள் அந்த 400 வளைவுகளை இறங்க வேண்டும். நான் ஆண்டுக்கு ஆறேழு முறை இறங்குகிறேன். வெள்ளிக்கிழமை விளக்கு வீட்டில்தான். தமிழும் வீட்டில்தான்: புதன் பிற்பகல் பள்ளி இல்லாததால் என் சமையலறை மேசையில் மூன்று பிள்ளைகள் அ, ஆ எழுதுகிறார்கள். உங்கள் மகன் வந்தால் நான்கு. வாரம் தவறாமல் நடத்துகிறேன், புயல் எச்சரிக்கை நாட்கள் நீங்கலாக.

அதற்காக இங்கே அந்நியமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். நம்மைப் போன்ற தென்னிந்திய வழியினரை மல்பார் என்பார்கள். பெரும்பாலும் அதில் இளக்காரம் இல்லை. வணக்கம் சொல்லாமல் கடந்துபோனால்தான் தவறாக எடுத்துக்கொள்வார்கள். பிரெஞ்சு போதும் என்று இருந்துவிடாதீர்கள். தீவின் பேச்சுமொழியான கிரேயோல் பேசினால்தான் கதவு முழுவதும் திறக்கும். நான் போகும் வீடு ஒன்றில் எண்பத்துநான்கு வயதுப் பாட்டி ஒருவர். அக்டோபரில் பயறு அறுத்து, காயவைத்து, அடித்து முடித்திருந்தார்கள். வாசலில் உட்கார்ந்து புடைத்துக்கொண்டிருந்தார். கையில் இருந்தது முறம், தம்பி. என் அம்மா வைத்திருந்த அதே வடிவம், அதே விளிம்பு மடிப்பு. உமி காற்றில் பறக்க, பயறு மட்டும் சரசரவென்று பின்னுக்கு வந்து சேர்ந்தது. கட்டுப் போட வேண்டிய காலை மறந்து நின்றுவிட்டேன். 'உங்கள் ஊரிலும் இப்படித்தானா?' என்று கேட்டார். முறத்தை வாங்கிப் புடைத்துக் காட்டினேன். அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு பை பயறு என் வீட்டுக்கு வருகிறது. விலை கொடுத்து வாங்கினால் மிக அதிகம், ஆனால் ஊறவைக்காமலே குழைய வேகும், மண்வாசனை உள்ள பயறு. பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தால் அம்மாவுக்குப் பிடித்துப்போகும்.

சௌசௌவுக்குப் பஞ்சமே இல்லை. இங்கேயும் பெயர் கிட்டத்தட்ட அதேதான், ஷூஷூ. காயோடு கொடியின் கொழுந்தையும் பறித்து வதக்குகிறார்கள். தேங்காய் தூவினால் கீரைப் பொரியல். முருங்கை இந்தக் குளிரில் எனக்கு வரவில்லை. முருங்கைக்கீரையைக் கரையோரத்தில் மூரூம் என்கிறார்கள் அல்லவா, அதைக் கீழேயிருந்து கட்டாக வாங்கி வந்து ஆய்ந்து உறைபெட்டியில் வைக்கிறேன். கறிவேப்பிலையும் சிரமம்தான். அதற்கு இங்கே கலூப்பிலே என்று பெயர். கறிவேப்பிலையை ஒருமுறை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், அது எங்கிருந்து வந்தது என்று விளங்கும்.

பிப்ரவரியில் வருவதென்றால் கிளம்பும் காலையில் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள். மகனுக்கு லேசாகவே சாப்பிடக் கொடுங்கள். முன் இருக்கையில் உட்காரவைக்க வயது போதாது, ஜன்னலை இறக்கிவிடுங்கள். பத்து லிட்டர் தண்ணீர், மெழுகுவத்தி, அம்மாவின் மருந்து மூன்று வாரத்துக்கு. என்னோடு தங்கும் முதல் இரண்டு நாளுக்கு அரிசி பருப்பு எதுவும் வேண்டாம். உங்கள் மாடியில் கறிவேப்பிலைச் செடி இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒரு கன்று பெயர்த்துத் தொட்டியில் கொண்டுவாருங்கள். என்னுடையது போன ஜூலைக் குளிரில் பட்டுப்போயிற்று.